எழுதியபின் சரிபார்க்கும் இணையம்: பயனர் பங்களிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயனர் பங்களிப்பு என்பது எதைக் குறிக்கிறது?

ஒரு தளத்தை நடத்துபவர் தாமே எழுதியோ விலைகொடுத்து வாங்கியோ வெளியிடாமல், அதைப் பயன்படுத்த வருகிறவர்கள் எழுதியும் படமெடுத்தும் வரைந்தும் திருத்தியும் மதிப்பிட்டும் உருவாக்கித் தரும் அனைத்தையும் இச்சொல் குறிக்கிறது. கலைக்களஞ்சியக் கட்டுரை, காணொளி, உணவகம் பற்றிய மதிப்புரை, ஒரு நிரலரின் ஐயத்துக்கு முகமறியாத இன்னொரு நிரலர் எழுதும் விடை, வரைபடத்தில் சேர்க்கப்படும் தெருப்பெயர் என அதன் வடிவங்கள் பல. கண்ணுக்கு எளிதில் படாத பங்களிப்பும் உண்டு. எழுத்துப்பிழையைத் திருத்துவதும், சான்றில்லாத செய்தியை நீக்குவதும், ஒரே பொருளைப் பற்றி இருவர் எழுதிய கட்டுரைகளை ஒன்றாக்குவதும் அதில் அடங்கும். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகை உழைப்பைப் பற்றியது. இணையத்தின் இன்றைய நன்மையும் கேடும், அந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்களா, அவர்கள் யாருக்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தொடக்கத்தில் இணையம் படிப்பதற்கு மட்டும்தான் இருந்ததா?

இல்லை. உலகளாவிய வலை தோன்றுவதற்கு முன்பே, 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிசும் வகுத்த யூஸ்நெட் என்ற விவாதக் குழு வலைப்பின்னலில், படிக்க வந்தவர்களே எழுதவும் செய்தார்கள். டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் உலாவியிலும் பக்கங்களைப் பார்க்கும் வசதியோடு அவற்றை எழுதித் திருத்தும் வசதியும் சேர்ந்தே இருந்தது. ஆனால் அந்த உலாவி நெக்ஸ்ட் என்ற, பலரிடம் இல்லாத கணினியில் மட்டுமே இயங்கியது. 1993இல் வெளிவந்து வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த மொசைக் உலாவியில் பார்க்கும் வசதி மட்டுமே தரப்பட்டது. அதனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு, வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். கற்று, பக்கங்களை வைத்திருந்து தரும் கணினியான வழங்கியில் இடம்பிடித்து, கோப்புகளை ஏற்றத் தெரிந்தவர்களே வலையில் எழுத முடிந்தது.

இந்தத் தடையைப் புதிய சேவைகள் ஒவ்வொன்றாகக் குறைத்தன. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் தந்தது. அமேசான் 1995இல் வாங்குவோரின் மதிப்புரைகளைத் தன் விற்பனைப் பக்கத்திலேயே வெளியிடத் தொடங்கியது. 1999இல் வந்த பிளாகர், நிரல் அறியாதவரும் ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் பதிவு வெளியாகும்படி செய்தது.

அப்படியானால் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு உண்மையில் மாறியது என்ன?

எழுதுவது எளிதாயிற்று என்பது பாதி விடைதான். அச்சுக்காலத்தில் ஒரு எழுத்து வாசகரை அடைவதற்கு முன் பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், பதிப்பாளர் எனப் பலரின் கைகளைக் கடந்தது. சரிபார்ப்பு முதலிலும் வெளியீடு பிறகும் நடந்தன. பயனர் பங்களிப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் வெளியீடு நடக்கிறது. சரிபார்ப்பு பிறகு நடக்கிறது, அல்லது நடக்காமலே போகிறது. நான் அறிந்தவரை இதைவிடப் பெரிய மாற்றம் இக்காலத்தில் வேறில்லை.

இதைத் தெளிவாகக் காட்டுவது நியூபீடியாவின் கதை. ஜிம்மி வேல்ஸ் 2000 மார்ச்சில் தொடங்கி, லாரி சாங்கரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நடத்திய அந்த இலவசக் கலைக்களஞ்சியம், வல்லுநர்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் ஏழு கட்டச் சரிபார்ப்புக்கு உட்படுத்தியது. நோக்கம் உயர்ந்ததே, ஆனால் அது 2003இல் மூடப்பட்டபோது முழுமை பெற்ற கட்டுரைகள் முப்பதைக்கூடத் தொடவில்லை. இதற்கிடையே, வார்டு கன்னிங்காம் 1995இல் நிரலர்களுக்காக உருவாக்கியிருந்த, பக்கத்தைப் படிப்பவரே திருத்தக்கூடிய விக்கி என்ற முறையை, நியூபீடியாவுக்குக் கட்டுரை திரட்டும் துணைத்தளமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படி 2001 ஜனவரி 15 அன்று பிறந்த விக்கிப்பீடியா முதலாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகளை எட்டியது. முன்கூட்டிய சரிபார்ப்பை எடுத்துவிட்டதே இந்த வேகத்துக்குக் காரணம்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் விக்கிப்பீடியா ஏன் குப்பையாகிவிடவில்லை?

மனிதர்கள் இயல்பில் நல்லவர்கள் என்ற விடை இதற்குப் போதாது. கெடுப்பதைவிடச் சரிசெய்வது எளிதாக இருக்கும்படி அந்த மென்பொருள் கட்டப்பட்டிருப்பது முதன்மையான காரணம். ஒவ்வொரு திருத்தமும் யாரால், எப்போது, எந்த எழுத்து மாறும்படி செய்யப்பட்டது என்பது கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் நிலையாகப் பதிவாகிறது. ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டு ஒரு கட்டுரையைச் சிதைத்தாலும், அதைக் கண்டவர் முந்தைய நிலைக்கு மீட்க ஒரு சொடுக்குப் போதும். அண்மைய மாற்றங்கள் என்ற பக்கம் தளம் முழுவதிலும் நடப்பவற்றை உடனுக்குடன் காட்டுகிறது. தமக்கு அக்கறையுள்ள கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அவற்றில் நேரும் மாற்றம் தெரிந்துவிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் வெளிப்படையான விசமத் தொகுப்புகளில் பெரும்பங்கைத் தானியங்கி நிரல்களே சில நொடிகளில் நீக்கிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் கருத்து மோதலைத் தீர்க்கும் முறை. நடுநிலையான நோக்கு, சரிபார்க்கத்தக்க சான்று, சொந்த ஆய்வைப் புகுத்தாமை என்ற மூன்று கொள்கைகள் அங்கே அடிப்படையாக உள்ளன. எது உண்மை என்று இருவர் முட்டிக்கொள்ளும்போது, நம்பத்தக்க வெளியீடு ஒன்றில் அது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்ற, விடை காணக்கூடிய கேள்வியாக அது மாற்றப்படுகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. ஒரு சர்ச்சைக்குரிய கட்டுரையைப் படிப்பவர்கள் அதன் பேச்சுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையில் ஒரு வரியாக நிற்பது அங்கே எத்தனை நாள் வாதத்தின் முடிவு என்பதும், எந்தக் கருத்து ஏன் விடப்பட்டது என்பதும் தெரியவரும். அச்சுக் கலைக்களஞ்சியங்களில் இந்த விவாதம் வாசகர் கண்ணில் பட்டதே இல்லை.

விக்கிப்பீடியாவை எவ்வளவு நம்பலாம்?

2005 டிசம்பரில் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் தந்து ஒப்பிட்டபோது, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்றும் காணப்பட்டன. ஒப்பிட்ட முறையையே பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. இந்த முடிவைத் துறை கடந்து நீட்டக் கூடாது என்பது உண்மைதான். பலர் பார்க்கும் அறிவியல் கட்டுரைகளில் பிழை தங்குவது அரிது, யாரும் பாராத மூலைகளில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

அதே 2005இல் நடந்த ஒரு நிகழ்வு இதற்குச் சான்று. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலர் கென்னடி சகோதரர்களின் கொலையில் ஐயத்துக்கு உள்ளானவர் என்று ஒருவர் எழுதிய அப்பட்டமான பொய், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் நான்கு மாதங்களுக்கும் மேலாக நின்றது. சீகன்தாலர் இதை நாளிதழில் எழுதிய பிறகுதான், கணக்கில்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்க முடியாதபடி தடுக்கப்பட்டது; வாழும் மனிதர்களைப் பற்றிய எழுத்துக்குத் தனிக் கொள்கையும் பின்னர் வந்தது. பிறகு சரிபார்க்கலாம் என்று விட்டுவைக்கும் முறையில், அந்தப் பிறகு வரும்வரை பாதிக்கப்பட்டவர் தனியே நிற்கிறார். இந்த முறையை நேசிப்பவர்கள் இதை ஒருபோதும் சிறிதாகப் பேசக் கூடாது.

எல்லோரும் பங்களிக்கிறார்களா?

இல்லை. இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நிற்கிறார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது பங்களிக்கிறார்கள், பெரும்பகுதியை ஒரு விழுக்காட்டினரே எழுதுகிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். இதைத் துல்லியமான அளவாகக் கொள்ள வேண்டாம். போக்கைக் காட்டுவதாகக் கொள்ளலாம். அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளும் சமநிலை இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் தொகுப்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். எவற்றைப் பற்றிக் கட்டுரை இருக்கிறது, எவற்றைப் பற்றி இல்லை என்பதில் இதன் விளைவைக் காணலாம்.

தமிழில் இது எப்படித் தொடங்கியது?

தமிழில் இணையப் பங்களிப்பு விக்கிப்பீடியாவுக்கு முந்தியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றிச் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை தட்டச்சு செய்து, ஒருவர் உள்ளிட்டதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்து மின்னூலாக்கினார்கள். அப்போது ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றோர் எழுத்துரு வைத்திருப்பவர் படிக்க முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி பரவியதும், இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் உருவாக்கித் தந்ததுமே தமிழில் எழுதும் கூட்டத்தைப் பெருக்கின. ஆங்கிலத்தில் பங்களிப்பவர்கள் நினைத்தே பார்த்திராத இந்த முன்வேலையைத் தமிழில் முதலில் செய்ய வேண்டியிருந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்ந்தபடியே அவ்வாண்டு நவம்பரில் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, தொடர்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. அதுவரை படைப்பிலக்கியத்துக்கும் ஆய்வுக்கும் தரப்பட்டுவந்த ஒரு வாழ்நாள் விருது விக்கிப்பீடியர் ஒருவரைத் தேடிச் சென்றது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த அத்தளம் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. தமிழ்நாட்டு வழக்கும் ஈழத்து வழக்கும் அருகருகே நிற்கும் மிகச் சில பொது இடங்களில் அதுவும் ஒன்று. கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா, ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்பன பற்றி அங்கே நடந்த நீண்ட வாதங்கள் பேச்சுப் பக்கங்களிலும், பொதுவான உரையாடல் நடக்கும் ஆலமரத்தடியிலும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஒரு பெருநிறுவனம் ஆட்களை அமர்த்தி எழுதச் செய்தால் விரைவில் வளராதா?

இதைத் தமிழ் விக்கிப்பீடியா நேரிலேயே கண்டது. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளில் ஏற்றியது. கட்டுரைகளின் எண்ணிக்கையும் அளவும் விரைவாகக் கூடின. ஆனால் தலைப்புகள் ஆங்கில வாசகரின் தேடலை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அமெரிக்கப் பாடகர்களும் நடிகர்களும் நுகர்பொருள்களும் நிறைந்திருந்தன. வாக்கியங்கள் பல இடங்களில் தமிழ்ச் சொற்களால் ஆன ஆங்கிலமாகவே இருந்தன. எழுதியவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பேச்சுப் பக்கத்தில் கேள்வி எழுப்பினால் விடையளிக்க ஆளில்லை. வாசகர் திருத்தினாலும் அடுத்த பதிவேற்றத்தில் அது அழிந்துபோகும் நிலை இருந்தது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை வெறுமனே எதிர்க்காமல், நிறுவனத்தாருடன் பேசி, தலைப்புத் தேர்வும் மொழித்தரமும் பிழைகளைத் திருத்தும் பொறுப்பும் பற்றிய தங்கள் எதிர்பார்ப்புகளை எழுத்தில் வைத்தார்கள். 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்தப் பட்டறிவு முன்வைக்கப்பட்டது. கட்டுரை எழுதப் பணம் கொடுத்து ஆளைப் பெற முடிந்தது. எழுதியதற்குப் பின் பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளை அப்படிப் பெற முடியவில்லை. அந்தக் கட்டுரைகளில் பலவற்றைச் செப்பனிடும் வேலை ஊதியம் பெறாதவர்களின் தோளில்தான் விழுந்தது.

பங்களிப்போர் குறைவான மொழிகளுக்கு என்ன ஆபத்து?

கவனிக்க ஆளில்லாத இடத்தில் ஒரே ஒருவர் ஒரு மொழியின் முகத்தையே மாற்றிவிட முடியும். 2020 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளில் கைவைத்திருந்த ஒருவர், அம்மொழியை அறியாத அமெரிக்கப் பதின்வயதினர் என்பது வெளிவந்தது. அவர் ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாக அகராதியில் கண்டவற்றை இட்டுவந்தார். தீய நோக்கம் அவருக்கு இல்லை. பல ஆண்டுகள் அவரைத் திருத்தத் தாய்மொழியாளர் யாரும் அங்கே இல்லை என்பதே சிக்கல். குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவில் நேர்ந்தது வேறு வகை: தேசியவாத நோக்குடைய சில நிர்வாகிகள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதைத் தம் பிடியில் வைத்து வரலாற்றைத் திரித்தார்கள் என்று விக்கிமீடியா நிறுவனம் வெளியிட்ட 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு எல்லோர் கைக்கும் வந்துவிட்டதால், தமிழ் போன்ற மொழிகளில் படித்துப் பார்க்கும் கண்களைவிட ஏற்றப்படும் எழுத்து வேகமாகக் கூடும் ஆபத்து பெரிது.

நாம் தருகிறவை யாருக்குச் சொந்தம்?

பங்களிக்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. மிகச் சிலரே கேட்கிறார்கள். விடை அந்தத் தளத்தின் உரிமத்தில் இருக்கிறது.

1990களில் குறுவட்டுகளின் பாடல் பட்டியலை இசை ஆர்வலர்கள் தாமே தட்டச்சு செய்து சிடிடிபி என்ற தரவுத்தளத்தில் சேர்த்தார்கள். ஒரு குறுவட்டைக் கணினியில் இட்டதும் பாடல்களின் பெயர்கள் தோன்றியது இவர்களின் உழைப்பால்தான். 1998இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பின்னர் கிரேஸ்நோட் என்ற பெயரில் கட்டணச் சேவையானது; சேர்த்தவர்களுக்கு அதன்மீது எந்தப் பிடியும் இருக்கவில்லை. மனம் நொந்தவர்கள் ஃபிரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் போன்ற கட்டற்ற தரவுத்தளங்களைத் தொடங்க வேண்டியதாயிற்று. யூஸ்நெட்டில் திரைப்பட ஆர்வலர்கள் தொகுத்த பட்டியல்களிலிருந்து 1990இல் பிறந்த ஐஎம்டிபியும் 1998இல் அமேசானுக்குச் சொந்தமாயிற்று. ஜியோசிட்டீஸை 1999இல் வாங்கிய யாஹூ 2009இல் அதை மூடியபோது, லட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்கள் மறைந்தன. ஆவணக் காப்பில் அக்கறை கொண்ட தன்னார்வலர்கள் இரவுபகலாக நகலெடுத்துவைத்த பகுதியே எஞ்சியது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2002 பிப்ரவரியில் நடந்தது. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்களில் பலர் தங்கள் கட்டுரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறி, ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழக வழங்கியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். யாரும் நகலெடுத்துப் பயன்படுத்த இடம் தரும் கட்டற்ற உரிமம் இருந்ததால் இதை யாராலும் தடுக்க முடியவில்லை. விக்கிப்பீடியா இன்றுவரை விளம்பரமின்றி நன்கொடையால் நடப்பதற்கு அந்த வெளியேற்றமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எடுத்துக்கொண்டு போக முடிகிற உரிமை இருந்தால்தான், தளத்தை நடத்துபவர் பங்களிப்பவரின் பேச்சுக்குச் செவிகொடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எழுத்தைத் தாண்டி இந்த முறை எங்கே பயன்பட்டிருக்கிறது?

வரைபடத்தில். பிரிட்டனில் அரசின் நில அளவைத் தரவு கட்டணத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்ததால், ஸ்டீவ் கோஸ்ட் 2004இல், யாரும் வரைந்து திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்டிரீட்மேப் திட்டத்தைத் தொடங்கினார். 2010 ஜனவரி 12 அன்று எயிட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தலைநகர் போர்ட்டோபிரின்சுக்குப் பயன்படத்தக்க விரிவான எண்ணிம வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களைத் திறந்துவிட, பல நாடுகளில் தத்தம் வீட்டிலிருந்த நூற்றுக்கணக்கானோர் சில நாட்களிலேயே தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு சென்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்துவந்த இணைய வரைபடமும் இந்தத் தரவின்மீது எழுந்ததுதான்.

யூடியூப், முகநூல், வாட்சப் ஆகியவையும் இதே வகைதானா?

உள்ளடக்கத்தைப் பயனரே தருகிறார் என்ற அளவில் ஆம், அதற்குமேல் இல்லை. யூடியூப்பில் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது. அடுத்த ஆண்டே கூகுள் அந்நிறுவனத்தை 165 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2006இன் முடிவில் டைம் இதழ் ஆண்டின் மனிதராக இணையத்தில் பங்களிக்கும் ஒவ்வொருவரையும் அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் முகநூல் அறிமுகப்படுத்திய செய்தியோடையும், 2009இல் வந்த விருப்பப் பொத்தானும்தான் அடுத்த காலத்தின் போக்கை முடிவுசெய்தன. எதை யார் கண்ணில் காட்டுவது என்ற தேர்வு, பயனரை நீண்ட நேரம் தளத்தில் நிறுத்திவைக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நிரலின் கைக்குப் போயிற்று. பிறர் எழுத்தைத் திருத்தும் வழி அங்கே பயனருக்கு இல்லை. விரும்பலாம், பகிரலாம், புகார் அளிக்கலாம். பொய்யைக் கண்டவர் செய்யக்கூடியது, அதன்கீழ் மறுப்பு எழுதுவது; அந்த மறுப்பும் ஈடுபாடாகக் கணக்கிடப்பட்டு மூலப் பொய்யையே மேலே கொண்டுவரக்கூடும்.

இதன் விளைவு சில இடங்களில் உயிரைக் குடித்தது. மியான்மரில் ரோகிங்கியருக்கு எதிரான வெறுப்பைத் தடுக்கத் தாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று முகநூல் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு இந்தியாவில் குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்று வாட்சப்பில் பரவிய வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டியும் அவர்களில் ஒருவர். ஜூலையில் வாட்சப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது. வரலாற்றுப் பக்கமோ பேச்சுப் பக்கமோ இல்லாத ஊடகத்தில் ஒரு பொய் எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் காண வழியில்லை.

நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டது பெருமளவு இத்தளங்களின் வழியாகத்தான். எந்த நிறுவனத்தின் வாயிலையும் தட்டாமல் யூடியூப்பில் பாடம் நடத்தும், சமைத்துக் காட்டும், ஊர் வரலாறு சொல்லும் தமிழர்கள் பெற்றுள்ள வாசல் முன்பு எக்காலத்திலும் இருந்ததில்லை.

பயனர் எழுதியதற்குச் சட்டப்படி பொறுப்பு யாருக்கு?

எழுதியவருக்குத்தான். இடம் தந்த தளத்துக்கு அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு விரிந்த பாதுகாப்பை அளிக்கிறது. அது இல்லாமல் மேலே சொன்ன எந்தத் தளமும் இவ்வளவு வளர்ந்திருக்க முடியாது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பைத் தருகிறது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பிய 66ஏ பிரிவைச் செல்லாதென அறிவித்ததோடு, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகே தளம் நீக்கக் கடமைப்பட்டது என்றும் விளக்கியது. 2021ஆம் ஆண்டு விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட சமூக ஊடகங்களுக்குக் கூடுதல் கடமைகளை விதித்தன.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தப் பங்களிப்புகளின் நிலை என்ன?

சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான பெருமொழி மாதிரிகள் கற்ற எழுத்தின் கணிசமான பகுதி பயனர் எழுதியதே. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019இல் ஜிபிடி-2 மாதிரிக்கான தரவைத் திரட்டியபோது, ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் பயனர்கள் பகிர்ந்து, குறைந்தது மூன்று புள்ளிகள் பெற்ற இணைப்புகளைத் தரமானவை எனக் கொண்டது. அதாவது, முகமறியாத வாசகர்கள் போட்ட வாக்குகளே அங்கே பதிப்பாசிரியராக நின்றன. ஜிபிடி-3 மாதிரிக்கு விக்கிப்பீடியாவும் சேர்க்கப்பட்டது.

இப்போது பாய்ச்சல் எதிர்த்திசையிலும் நடக்கிறது. நிரலர்கள் ஒருவருக்கொருவர் விடையளிக்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம், இயந்திரம் எழுதிய, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான விடைகள் குவிந்ததால் 2022 டிசம்பரில் அவற்றைத் தடை செய்தது. அதன்பின் அங்கே வரும் கேள்விகளே பெரிதும் குறைந்தன. ரெட்டிட் நிறுவனம் 2023இல் தரவு அணுகலுக்குக் கட்டணம் விதித்தபோது, ஊதியமின்றிக் குழுக்களைக் கவனித்துவந்த மட்டுறுத்துநர்கள் ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான குழுக்களை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் அத்தரவைப் பயன்படுத்த கூகுளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. எழுதியவர்களுக்கும் கவனித்தவர்களுக்கும் அதில் பங்கில்லை. பொதுவில் கேட்டுப் பொதுவில் விடை பெறும் பழக்கம் அருகினால், அடுத்த தலைமுறை மாதிரிகள் எதைக் கற்கும் என்ற கவலை எனக்கு உண்டு. தமிழில் இந்தக் கவலை இரட்டிப்பு. இங்கே கற்பதற்குக் கிடைக்கும் நல்ல எழுத்து ஏற்கெனவே குறைவு.

நான் தமிழில் பங்களிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

புதிய கட்டுரையில் தொடங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. உங்கள் ஊர், தொழில், படித்த துறை ஆகியவற்றைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே உள்ள கட்டுரையைத் திறந்து, ஒரு பிழையைத் திருத்துங்கள். சான்றில்லாத ஒரு வரிக்கு நூலிலோ நாளிதழிலோ சான்று தேடிச் சேருங்கள். பழகிப் பார்ப்பதற்கு மணல்தொட்டி என்ற பக்கம் இருக்கிறது. அங்கே எதை எழுதினாலும் கட்டுரை எதுவும் கெடாது. ஐயம் வந்தால் ஆலமரத்தடியில் கேளுங்கள். உங்கள் தொகுப்பை ஒருவர் மீளமைத்துவிட்டால் மீண்டும் அதையே இடாமல், பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். நீங்களே எடுத்த கோயில், ஏரி, சந்தை, கருவி, பூச்சி ஆகியவற்றின் ஒளிப்படங்களை, விக்கித் திட்டங்களுக்குப் பொதுவான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம். பிறர் எடுத்ததையும் வாட்சப்பில் வந்ததையும் ஏற்றக் கூடாது.

எழுதத் தயக்கம் உள்ளவர்களுக்கு, பழைய நூல்களை மின்னெழுத்தாக்கும் விக்கிமூலம் சிறந்த இடம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஒளிவருடிய பக்கம் வலப்புறமும், இயந்திரம் அதைப் படித்துத் தந்த, பிழை மலிந்த எழுத்து இடப்புறமும் தோன்றும். ணகர னகரங்களையும், விடுபட்ட புள்ளிகளையும், துணைக்காலா ரகரமா என்ற மயக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தால் அந்தப் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் அதை மீண்டும் படித்து ஒப்புதல் அளித்தால் பச்சையாகும். இரண்டு படிகளையும் ஒருவரே செய்ய மென்பொருள் இடம் தராது. மஞ்சளில் நிற்கும் பக்கங்கள் அங்கே மிகுதி, ஆதலால் முதல் நாளிலேயே நீங்கள் அந்த இரண்டாம் ஆளாக இருக்கலாம்.